நான் மௌனசாமியாக இருந்த ஐந்து மணி நேரம்

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு என்னை யாரோ ஒரு பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவீர்கள்.

செங்கம் ரோட்டில் பதினாறு ரூம் லாட்ஜ் ஒன்று இருக்கிறதே, அது நான் கட்டியது. அதன் பின்னால் இருக்கும் உறைப் பட்டறை, அதுவும் நான் போட்டது. (உறை என்றால் தலையணை உறை இல்லை. கிணற்றுக்குள் மண் சரியாமல் இறக்குகிற சிமெண்ட் வளையம்.) திருவண்ணாமலையைச் சுற்றி எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் உள்ளே என் உறைதான் இருக்கும். நம்பிக்கை இல்லாதவர்கள் எட்டிப் பார்க்கலாம், கொஞ்சம் ஜாக்கிரதையாக. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அப்பா இல்லை, நிலம் இல்லை, சிபாரிசுக்கு ஆள் இல்லை. பாறை பூமி, உறை இறங்காது என்று சொன்னவர்கள் வீட்டிலேயே உறை இறக்கிக் காட்டினேன். லாட்ஜுக்குக் கடைக்கால் தோண்டும்போது, "இந்த ரோட்டுல எவன் வந்து தங்குவான், பாம்புதான் தங்கும்" என்றார் ஒருவர். அவருடைய மகன் கல்யாணத்துக்கு வந்த ஜனம் முழுவதும் என் லாட்ஜில்தான் தங்கியது. (பாம்பும் ஒரு தடவை தங்கியது. அதை அவருக்குச் சொல்லவில்லை.)

இத்தனையும் கட்டின நான், நாற்பத்திரண்டு வயதில், ஒரு மத்தியானம், பட்டப்பகலில், இருபது ஆட்கள் முன்னால் செத்துப்போனேன்.

அதாவது, செத்துப்போகிறேன் என்று நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். லாட்ஜுக்கு மாடித் தளம் போடுகிற நாள். கலவை மெஷின் கீழே உருண்டுகொண்டிருக்கிறது, சட்டி கை மாறி மாறி மேலே வருகிறது, நான் கம்பிக் கூட்டின் மேல் நின்று அதட்டிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று அந்த மெஷின் என் நெஞ்சுக்குள் வந்துவிட்டது. அப்படி ஒரு உருட்டல். கையெல்லாம் எறும்பு ஊறுகிற மாதிரி, அப்புறம் சுண்டு விரலில் இருந்து மரத்துப்போனது. வேர்வை. மூச்சு பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. கோவிந்தசாமி, உன் கதை முடிந்தது என்று தெளிவாகத் தெரிந்தது. ஆனால் தளத்தைப் பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஆயுசுக்கும் ஒழுகும். ஆகவே நான் சாவதைச் சாயந்திரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே அதட்டினேன். சாயந்திரம் பார்த்தால் உயிரோடு இருக்கிறேன். தளம் இன்றைக்கு வரைக்கும் ஒழுகவில்லை.

அப்புறம் அது அடிக்கடி வந்தது. சவரக் கடை நாற்காலியில் வந்தது. வேலூர் பஸ்ஸில் வந்தது. ஒரு தடவை, ஒன்றுமே இல்லாமல் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. தேரடிப் பக்கம் ஒரு டாக்டர் இருந்தார். யாருக்கும் தெரியாமல் அவரிடம் போனேன். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்.

"இருதயம் கல்லு மாதிரி இருக்குங்க. இது மனசுல இருந்து வர்ற படபடப்பு. நிறைய பேருக்கு இருக்கு, வெளியில சொல்றதில்ல."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைங்களா?"

"இருக்கு. நெஞ்சுல இல்ல, அவ்ளோதான்."

"மனசுன்னா... பைத்தியங்களா டாக்டர்?"

"யார் சொன்னா அப்படி? தினம் நடங்க. காபியைக் கம்மி பண்ணுங்க. யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க. உங்களுக்கு இன்னா பயம், சொல்லுங்க."

"எனக்குப் பயமே கிடையாதுங்க" என்றேன். சொல்லும்போதே கை ஆடியது. டாக்டர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டில் என்னவோ எழுதிக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நடக்கச் சொன்னாரே, நடந்தேன். விடிகாலையில் மலையைச் சுற்றி நடந்தால் எங்கள் ஊரில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். "வேண்டுதலா?" என்று மட்டும் கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். காபியை நாலில் இருந்து மூன்றாகக் குறைத்தேன். மனசு விட்டுப் பேசுவது மட்டும் என்னால் முடியவில்லை.

காரணம் இருக்கிறது. அப்போது என் மகள் திலகவதிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் பெண் எடுக்க வருகிறவர்கள் பெண்ணை அரை மணி நேரம்தான் பார்ப்பார்கள். பெண்ணைப் பெற்ற குடும்பத்தை ஆறு மாதம் விசாரிப்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், சவரக் கடையில் கேட்பார்கள். அப்பனுக்கு நெஞ்சு நோய் என்று தெரிந்தால், பெரிய காரியம் எப்ப ஆகுமோ என்று தயங்குவார்கள். மனசு சரியில்லை என்று தெரிந்தாலோ, அது பெண்ணுக்கும் இருக்கும், பிறக்கப்போகிற பிள்ளைக்கும் இருக்கும் என்று ஓடியே போய்விடுவார்கள். அப்படி இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் கல்யாணம் ஆகாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். திலகா மூன்று வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போளூரில் இருந்து வந்த நாலாவது போட்டோவைத் தன் தையல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டவள். ஒன்றும் சொல்லவில்லை. வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு அப்பனுக்கு என்ன சொல்ல வேண்டும்?

பையன் பேங்கில் வேலை. அவன் அப்பா ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பெண்ணைப் பார்ப்பது, பிடித்திருந்தால் எமகண்டம் கழிந்து மத்தியானம் இரண்டு மணிக்குத் தட்டு மாற்றுவது என்று ஏற்பாடு.

ஒன்பது மணிக்குக் கார் வந்து நின்றது. நான் கேட்டருகில் கை கூப்பி நிற்கிறேன். "வாங்க சார், வாங்கம்மா, மலை தரிசனம் ஆச்சுங்களா" என்று முந்தின நாள் முழுவதும் பழகி வைத்திருந்தேன். கார்க் கதவு திறந்தது. வெள்ளை வேட்டியில் ஹெட்மாஸ்டர் இறங்கினார், பின்னாலேயே அவர் மனைவி சரஸ்வதி அம்மாள், அப்புறம் பையன். என் நெஞ்சுக்குள் கலவை மெஷின் ஓட ஆரம்பித்தது.

வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. கூப்பின கையைப் பிரித்தால் நடுக்கம் தெரியும் என்று பிரிக்கவும் இல்லை. அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் மலையைப் பார்க்கிறேன். கண்ணில் வேறு தண்ணீர்.

என் மனைவியின் தம்பி ஏழுமலை, லாட்ஜ் மேஜையைப் பார்த்துக்கொள்கிறவன், பக்கத்தில் நின்றான். அவன் என்ன நினைத்தானோ, முன்னால் வந்து குனிந்து சொன்னான்:

"மன்னிச்சுக்கணும் சார். மாமா இன்னைக்கு மௌன விரதம்."

வேறு ஊராக இருந்தால் எனக்குப் பக்கவாதம் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் ஊராக இருந்ததால் சாமி என்று நினைத்தார்கள். சரஸ்வதி அம்மாள் அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றினார்.

"இன்னைக்கு மட்டுமா, எப்பவுமேவா?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமைன்னா வாயைத் தொறக்க மாட்டாருங்க. எத்தினியோ வருஷமா."

(அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே கேட்டில் நின்று மணல் லாரி டிரைவரை அரை மணி நேரம் திட்டியிருந்தேன். மலை உச்சியில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும்.)

என்னைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று மூச்சை எண்ணினேன். "தியானத்துல இருக்காரு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். என் மனைவி ஜெகதா காபித் தட்டோடு வந்தவள், என் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, இன்னா விரதம் இது? நேத்து கருவாட்டுக் கொழம்புக்கு ரெண்டு தடவை சோறு போட்டுக்கினீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. விரதம் எவ்வளவு வசதி என்று அந்த ஒரு நிமிஷம்தான் தோன்றியது.

இருபது நிமிஷத்தில் மெஷின் நின்றுவிட்டது. நாக்கு நகர்ந்தது. இப்போது பேசலாம். ஆனால் பேசினால் விரதம் பொய் என்றாகும். பொய் என்றால் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பேருக்கு வாய் இருந்தும் பேச முடியாமல் போயிருக்கும். என்னைப் போல மூன்று விதமான காபி, நாலு விதமான பலகாரம், ஒரு ஹெட்மாஸ்டர் எல்லாம் முன்னால் வைத்துக்கொண்டு போயிருக்காது.

சரஸ்வதி அம்மாள் சும்மா இருக்கவில்லை. "பேச மாட்டாரு, சரி. எழுதிக் காட்டுவாரில்ல?" என்றார்.

ஏழுமலை ஓடிப்போய் லாட்ஜ் வாசலில் தொங்கும் சிலேட்டுப் பலகையைக் கொண்டுவந்தான். அதில் 'ரூம் காலி இல்லை' என்று எழுதியிருந்தது. தோள் துண்டால் துடைத்துவிட்டு என் மடியில் வைத்தான். கையில் சாக்பீஸ்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எனக்கு எழுதத் தெரிந்தது என் கையெழுத்து, அப்புறம் பட்டறையில் லாரி வந்தால் குறித்து வைக்கிற சில வார்த்தைகள். சிமெண்ட். ஜல்லி. மணல். கம்பி. வந்தது. வரவில்லை. அவ்வளவுதான். இந்த ஆறு வார்த்தைகளை வைத்துத்தான் பதினாறு ரூம் கட்டியிருந்தேன். ஒரு சம்பந்தம் பேசி முடிக்க அவை போதுமா என்று அதுவரை யோசித்ததில்லை.

"பொண்ணுக்குச் சமையல் எல்லாம் வருங்களா?"

'வந்தது' என்று எழுதினேன். "வந்துடுச்சாம்" என்றான் ஏழுமலை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

"எங்க பையனைப் பத்தி இன்னா நினைக்கிறீங்க?"

நல்ல பையன் என்று எழுத வேண்டும். 'ய' எந்தப் பக்கம் வளையும் என்று ஞாபகம் வரவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கை வேறு மறுபடி ஆட ஆரம்பிக்கிறது. 'கம்பி' என்று எழுதினேன்.

சரஸ்வதி அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கம்பி மாதிரி உறுதின்னு சொல்றாரு." (பையன் நிஜமாகவே கம்பி மாதிரிதான் இருந்தான். எட்டு எம்.எம். இருக்கும்.)

"கடைசியா ஒண்ணு. ரெண்டு பேரும் ஒத்துமையா இருப்பாங்களா?"

'சிமெண்ட் ஜல்லி மணல்.'

"பாத்தியா சரசு" என்றார் ஹெட்மாஸ்டர் மெதுவாக. "சேந்தப்புறம் பிரிக்க முடியாதுன்றார். எவ்ளோ எளிமையா சொல்லிட்டாரு. நான் முப்பது வருஷமா பாடம் நடத்தறேன், எனக்கு வராது இது."

அந்த நேரம் பார்த்து, மூன்றாம் நம்பர் ரூமில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் காலி பக்கெட்டோடு உள்ளே வந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவர். நான் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பதையும் சுற்றி எல்லாரும் கை கட்டி நிற்பதையும் பார்த்தார். பக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கு மேல் சரஸ்வதி அம்மாளுக்கு என்ன சாட்சி வேண்டும்? எழுந்து வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்துவிட்டார்.

அதுவரைக்கும் அது பொய்யாகத்தான் இருந்தது. அவர் விழுந்ததும் பாவமாகிவிட்டது. நிமிர்ந்தேன். கதவருகில் திலகா நின்றுகொண்டிருந்தாள், பட்டுப் புடவையில். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சிலேட்டைப் பிடித்திருந்த என் கையையே பார்த்தாள்.

சாப்பாடு ஆயிற்று. பாயசம் ஆயிற்று. இரண்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. வெற்றிலைப் பாக்கோடு தட்டு தயாராகக் கூடத்தில் இருந்தது. ஹெட்மாஸ்டர் என் பக்கம் குனிந்து, "உங்க பட்டறையைப் பாக்கணும். நாம ரெண்டு பேர் மட்டும்" என்றார்.

என்னவோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். முப்பது வருஷம் பொய் சொல்கிற பிள்ளைகளைப் பார்த்தவர் ஆயிற்றே. பின்கட்டு வழியாகப் போனோம். காய்ந்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மூன்றாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் ஒரு அடுக்கின் விளிம்பில் உட்கார்ந்தார். நான் எதிரே நின்றேன். மலையைப் பார்த்தார்.

"உங்ககிட்ட சொன்னா மலைகிட்ட சொன்ன மாதிரி. வெளிய போகாது. அந்த தைரியத்துல சொல்றேன்" என்றார். "காலையில ப்ரேயர்ல நிக்கிறேன். எண்ணூறு பசங்க. திடீர்னு நெஞ்சு அடிச்சுக்குது. இப்ப விழுந்துடுவேன், இந்தப் பசங்க முன்னாலயே உயிரு போயிடும்னு தோணுது. கை நடுங்கறது தெரியக்கூடாதுன்னு பின்னால கட்டிக்கினு நிக்கிறேன். பசங்க நான் ரொம்ப கண்டிப்புன்னு நினைச்சுக்குறாங்க. மூணு வருஷமா இப்படித்தான். வேலூர்ல போய்க் காட்டினேன். நெஞ்சுல ஒண்ணுமில்ல, மனசுன்னாங்க. சரசுகிட்ட சொல்லல. இதை மறைச்சுட்டு உங்க பொண்ணை எடுத்தா அது பாவம். சொன்னா என் பையனுக்கு யார் பொண்ணு கொடுப்பா? நீங்க வாயால சொல்ல வேணாம். சம்மதம்னா தலையாட்டுங்க. இல்லன்னா திரும்பி நடந்துடுங்க. நான் புரிஞ்சுக்குறேன்."

தலையாட்டியிருந்தால் போதும். மகள் கல்யாணம் முடிந்தது, என் ரகசியமும் பத்திரம். அந்தச் சின்ன வேலையை நான் செய்யவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உங்களுக்கும் சுண்டு விரல்ல இருந்துதான் மரத்துப்போவுதுங்களா?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். மலை பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். அப்புறம் அப்படியே பின்னால் சாய்ந்து உறைக்குள் விழுந்துவிட்டார். மூன்றடி அகல உறை. நடு உடம்பு உள்ளே, இரண்டு காலும் தலையும் வெளியே.

"ஏழுமலை, ஓடியா, சம்பந்தி உறைக்குள்ள உழுந்துட்டாரு" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று வருஷத்து மௌனம் இருந்திருந்தாலும் கலைந்திருக்கும். எல்லாரும் ஓடிவந்தார்கள். வெள்ளைக்காரரும் பக்கெட்டோடு வந்தார்.

சரஸ்வதி அம்மாள் புருஷனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பேசறாரு" என்றார்.

அதற்கு அப்புறம் மறைத்து என்ன செய்வது? எல்லாவற்றையும் சொன்னேன். தளம் போட்ட நாள், டாக்டர், மலை சுற்றினது, கேட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப நான் கால்ல விழுந்தது?" என்றார் சரஸ்வதி அம்மாள். "எங்க அப்பா கால்ல தவிர இதுவரைக்கும் எந்த மனுஷன் கால்லயும் நான் விழுந்ததில்ல. டிரைவர், வண்டியை எடுப்பா. கிளம்பலாம்."

டிரைவர் காரை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. பையன் திலகாவைப் பார்த்தான், திலகா அவனைப் பார்த்தாள். அன்று அவர்கள் கிளம்பியிருந்தால் அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிருக்கும். ஆனால் கிளம்ப முடியவில்லை. ஹெட்மாஸ்டர் உறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். நாலு பேர் இழுத்தோம், வரவில்லை. "உறையை உடைச்சுடலாமா மாமா?" என்று ஏழுமலை சம்மட்டியைத் தேடினான். என் உறை உடையாது என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உறையில் மாட்டினபடியே ஹெட்மாஸ்டர் பேசினார். "சரசு. அவரைத் திட்டாத. எனக்கும் அதே வியாதிதான்."

"எத்தினி நாளா?"

"மூணு வருஷம்."

"மூணு வருஷமா பக்கத்துலயே இருக்கேன். என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்கிட்ட ஏன் சொல்லல?" இது ஜெகதா, என்னைப் பார்த்து. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு, ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது திலகா முன்னால் வந்தாள். கையில் மடித்த காகிதம். துவைக்கும்போது நனைந்து மங்கிப்போன டாக்டர் சீட்டு.

"எனக்குத் தெரியும்பா. உங்க சட்டையை நான்தானே துவைக்கிறேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். இன்னைக்கு அவங்க வந்ததும் இதைக் காட்டிட்டுத்தான் தட்டு மாத்தணும்னு நினைச்சேன். அதுக்குள்ள மாமா உங்களைச் சாமியாக்கிட்டாரு." சரஸ்வதி அம்மாள் பக்கம் திரும்பினாள். "அத்தை, வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். மறைச்சு மட்டும் எனக்குக் கல்யாணம் வேணாம்."

சொல்லும்போது அவள் உதடு நடுங்கியது. பயமே இல்லை என்று டாக்டரிடம் சொன்ன எனக்கு, பயந்துகொண்டே பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முதல்ல இவரை வெளிய எடுங்க" என்றார் சரஸ்வதி அம்மாள். "அப்புறம் பேசறேன்."

வெள்ளைக்காரர் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு காலைப் பிடித்தார், பையன் ஒரு காலை, ஏழுமலையும் நானும் தோளை. ஐந்தாவது இழுப்பில் வந்தார். வேட்டி முழுக்க சிமெண்ட். இரண்டு பெண்களும் சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இரண்டு மணி தாண்டிவிட்டது. ஹெட்மாஸ்டரும் நானும் உறை மேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்தோம். அந்தக் கதவு எப்படித் திறக்குமோ என்று அதையே பார்த்தோம். சும்மா இருக்க முடியாமல் பேசிக்கொண்டோம். அவருக்கு மாதம் இரண்டு தடவை வரும், எனக்கு வாரம் இரண்டு. அவருக்கு இடது கை மட்டும் மரத்துப்போகும், எனக்கு இரண்டு கையும். இதிலும் நான்தான் ஜாஸ்தி. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அதை இன்னொரு மனுஷனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்ன மூன்றாவது மருந்தை அப்போதுதான் சாப்பிட்டேன் என்று பிறகு புரிந்தது.

கதவு திறந்தது. சரஸ்வதி அம்மாள் வெளியே வந்து என் எதிரே நின்றார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா அந்தத் தேரடி டாக்டர்கிட்ட போவணும். தனியா போனா பொய் சொல்லுவீங்க. அது ஒண்ணு."

"சரிங்கம்மா."

"இன்னொண்ணு, நான் விழுந்ததைத் திருப்பிக் கொடுங்க."

எனக்குப் புரியவில்லை. ஜெகதாவுக்குப் புரிந்தது. "விழுங்க" என்றாள்.

விழுந்தேன். பட்டறை மண்ணில், என் ஆட்கள் பார்க்க, பையன் பார்க்க, வெள்ளைக்காரர் பார்க்க, நெடுஞ்சாண்கிடையாக அந்த அம்மா காலில் விழுந்தேன். அவர் குனிந்து, "நல்லா இருங்க" என்றார். அப்புறமும் நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. கூச்சத்தால் இல்லை. நெஞ்சு அமைதியாக இருந்தது, அதை இன்னும் கொஞ்சம் அனுபவிக்கலாம் என்றுதான்.

மூன்று மணிக்குத் தட்டு மாற்றினோம். தை மாதம் கல்யாணம். சத்திரத்துக்குப் போகவில்லை, பதினாறு ரூமும் சொந்தக்காரர்களுக்கே. மூன்றாம் நம்பர் ரூம் வெள்ளைக்காரர் கடைசி வரைக்கும் என்னைச் சாமி என்றுதான் கும்பிட்டார். தண்ணீர் வராததைப் பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை.

படபடப்பு அதோடு போய்விட்டது என்று சொன்னால் அது அடுத்த பொய். அப்புறமும் வந்தது. வந்தால் சம்பந்திக்குச் சொல்லி அனுப்புவேன், அவருக்கு வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புவார். மாதம் ஒரு தடவை டாக்டர், அது முடிந்து மலையைச் சுற்றி நடை. நடக்கும்போது எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ரோட்டு மண்ணில் குச்சியால் 'ய' எழுதிக் காட்டுவார். இப்போது இதை நான் எழுதுகிறேன் என்றால் அந்த நடையால்தான். அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நான் இன்னும் நடக்கிறேன், பாதி தூரம்.

வீட்டில் அந்தச் சிலேட்டு இன்னும் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டீர்களா, சர்க்கரை சேர்த்துக்கொண்டீர்களா என்று கேட்டு நான் பதில் சொல்லாமல் இருந்தால், யாராவது ஒருத்தர் பேசாமல் போய் அதை எடுத்துவந்து என் மடியில் வைத்துவிடுவார்கள். 'வரவில்லை' என்று எழுதிக் கொடுப்பேன். என் மாப்பிள்ளைக்கு இப்போது அறுபதுக்கு மேல் வயது, உடம்பு இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டது. வீட்டில் அவருக்கு இன்றைக்கும் பெயர் கம்பிதான்.

கடைசியாக ஒரு விஷயம். இதை எழுதினதே அதற்காகத்தான்.

திலகாவின் மகள், என் பேத்தி, மனசு டாக்டர். வேங்கிக்கால் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கூட்டத்துக்கு நானும் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர்" என்று ஆரம்பித்து இந்தக் கதை முழுவதையும் சொன்னாள். சனம் சிரித்தது. கூட்டம் முடிந்ததும் நடு வயதுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி அவளிடம் போய், தன் சுண்டு விரலைக் காட்டி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அது யாரும்மா, ஒரு பெரியவர்?"

"பேர் சொல்லக் கூடாது தாத்தா. எங்க தொழில்ல அது தர்மம்."

"நான் உன் பேஷண்ட் இல்ல. உன் தாத்தா."

"யாராவது ஏதாவது நினைப்பாங்க தாத்தா."

அதைத்தான் நானும் ஆறு மாதம் நினைத்தேன். நினைத்து நினைத்து ஒரு நல்ல அம்மாவைக் காலில் விழ வைத்தேன். எனவே பேத்திக்கும், இனி இந்தக் கதையைச் சொல்லப்போகிற எல்லாருக்கும் இதை எழுதித் தருகிறேன். ஒரு பெரியவர் இல்லை. செங்கம் ரோடு உறைப் பட்டறை கோவிந்தசாமி. மூன்றாம் வகுப்பு. பதினாறு ரூம். நெஞ்சு படபடப்பு, இரண்டு கையும் மரத்துப்போகும். பேரோடு சொல்லவும்.